ஜீப் ஒத்திகை

புலி பார்க்கப் போவதற்கு முன்னால் வீட்டு ஹாலிலேயே ஒத்திகை பார்த்த குடும்பம் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தால், அங்கேயும் நம் மாஸ்டரைப் போல ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அதனாலோ என்னவோ, அவருக்கு வாய் ஓயாது. "கிளட்ச்சை மெதுவா விடுங்க, கண்ணாடியைப் பாருங்க, சைக்கிள்காரர் வர்றார், பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதைதான். மனைவி அடுப்பைப் பற்றவைத்தால் "கொஞ்சம் குறைச்சு வை" என்பார். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளுக்குக் குழாய் எந்தப் பக்கம் திருகும் என்று பாடம் எடுப்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே யோசனை சொன்ன ஒரே நோயாளி அவர்தான் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதில் பாதி கட்டுக்கதையாக இருக்கலாம். மனிதர் கெட்டவர் இல்லை. யாரும் எதிலும் போய் முட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு, அந்தக் கவலை வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனவள், கோடை தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்மா" என்றாள். கொஞ்ச நாள் முடிந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் முடிந்தது. அவள் கிளம்பும் வழியாக இல்லை. என்ன நடந்தது என்று அம்மா கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

மாஸ்டர் கேட்கவே இல்லை. அவருக்குக் கேட்காமலே எல்லாம் தெரியும். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் பாப்பா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சா வண்டி என்ன ஆகும்? யாராவது ஒருத்தர் காலை எடுக்கணும்ல?" என்பார். பாப்பா "சரிப்பா" என்பாள். அந்த "சரிப்பா"வைக் கேட்டதும் பாதி வேலை முடிந்ததாக அவருக்குத் தோன்றும்.

மருமகன் மேல் அவருக்குத் தனிப் பிரியம். நல்ல வேலை, நல்ல பேச்சு. வாரம் தவறாமல் ஃபோன் செய்து, "மாமா, உடம்பு எப்படி இருக்கு? நான் அவளை ஒண்ணுமே சொல்லல மாமா. அவளா கோவிச்சுக்கிட்டா. எப்ப வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கு" என்பான். அதற்குப் பிறகு மாஸ்டர் கால் மணி நேரம் புத்தி சொல்வார். மருமகன் நடுவில் குறுக்கிடாமல் "ஆமாம் மாமா, ஆமாம் மாமா" என்று கேட்டுக்கொள்வான். மாஸ்டர் பேசுவதைக் கடைசி வரை கேட்ட ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். ஒருவன் மேல் பிரியம் வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கதையில் புலி வந்தது பாப்பாவின் தாய்மாமாவால். அவர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். எப்போதோ ஒரு புலிகள் காப்பகத்துக்குப் போய் ஒரு மயிலையும், புலி படுத்திருந்ததாகச் சொல்லப்பட்ட புல்லையும் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து குடும்பத்தில் அவருக்குக் காட்டுராஜா என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே அவர் தன் காட்டு அனுபவத்தை நூறாவது முறையாக அள்ளி விட்டபோது, மாஸ்டர் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஜீப்புல ஏறிட்டோம்னா அவ்வளவுதான் மச்சான். காட்டை விட்டு வெளிய வர்ற வரைக்கும் கீழ கால் வைக்க முடியாது. யார் பக்கத்துல உக்காந்தமோ அவங்க பக்கத்துலதான். பேசவும் கூடாது. மீறிப் பேசினா கைடு திரும்பி ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க, புலியே தேவலாம்னு ஆயிடும்."

இறங்க முடியாது. பேசக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாஸ்டருக்குள் பல்பு எரிந்தது. சண்டை போட்ட இரண்டு பேரை அப்படி ஒரு வண்டியில் ஏற்றிவிட்டால்? பேச்சு இல்லாததால் சண்டை வராது. இறங்க முடியாததால் ஓட முடியாது. புலி ஒன்று குறுக்கே வந்துவிட்டால், அந்தப் பரபரப்பில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், கோபமெல்லாம் காட்டோடு போய்விடும். இப்படி யோசித்துத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். முட்டாள்தனமான திட்டம்தான். ஆனால் அன்போடு போடுகிற திட்டத்தில் ஓட்டை இருந்தால் போட்டவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

மறுநாளே வேலையில் இறங்கினார். கடும் கோடையில்தான் குட்டைகளில் தண்ணீர் வற்றி விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வெளியே வரும் என்று விசாரித்து, அதற்கேற்ப நாள் குறித்தார். ஒரு ஜீப்பில் ஆறு பேர். ஆறு பேரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பிறகு ஒருவர் இடத்தில் இன்னொருவர் போக முடியாது. மாஸ்டர், மனைவி, பாப்பா, காட்டுராஜா, அவர் மனைவி என்று ஐந்து பேர் ஆயிற்று. ஆறாவதாக மருமகன். அடையாள அட்டை எண்ணைக் கேட்ட அடுத்த நிமிடம் அனுப்பி வைத்தான். "நீங்க சொன்னா நெருப்புல குதிக்கச் சொன்னாலும் குதிப்பேன் மாமா" என்றான். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மருமகன் வருவதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. "ஆறாவது சீட் யாருக்கு?" என்று மனைவி கேட்டபோது, "பை வைக்க, கால் நீட்ட இடம் வேணும்ல? ஜீப்பை மொத்தமா எடுத்துட்டேன்" என்று பூசி மெழுகினார். பாப்பாவிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அவர் செருப்பு மாட்டிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரத்தில் பின்னால் வந்து நின்று, "வரேன்பா" என்றாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயில் அசதி என்று நினைத்துக்கொண்டார்.

ஒத்திகை அவர் மனைவியின் யோசனை. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பழகியவர். "இந்த மனுஷன் வாயை மூடாம நடுக்காட்டுல நம்ம மானத்தை வாங்கிடுவார். இப்பவே பழக்கினாத்தான் உண்டு" என்று ஒரே பிடியாக நின்றார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஹாலில் இரண்டு இரண்டாக மூன்று வரிசை நாற்காலி. முதல் வரிசையில் காட்டுராஜாவும் அவர் மனைவியும். நடு வரிசையில் பாப்பாவும் காலி நாற்காலியும். கடைசி வரிசையில் மாஸ்டரும் மனைவியும். டிவி, ஃபோன், மின்விசிறி எல்லாம் நிறுத்தப்படும். மின்விசிறியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று மாஸ்டர் கேட்டதற்கு, "காட்டுல ஃபேன் இருக்கா?" என்று பதில் வந்தது.

முதல் நாள் ஒத்திகை, தெருவில் ஒரு கார் உறுமிக்கொண்டு போகிற வரைதான் தாங்கியது. "செகண்ட் கியர்ல போறான் பாரு, முட்டாப்பய" என்றார் மாஸ்டர்.

"புலி ஓடிடுச்சு" என்றார் காட்டுராஜா, திரும்பிப் பார்க்காமலே.

இரண்டாம் நாள் காட்டுராஜாவின் மனைவி பூசி வந்த சென்ட் வாசனைக்குப் புலி ஓடியது. மூன்றாம் நாள் மாஸ்டருக்குத் தும்மல். இப்படி ஒரு வாரத்துக்குள் அந்த ஹாலிலிருந்து ஏகப்பட்ட புலிகள் ஓடிவிட்டன. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள், ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

உட்காருவதில் அவளை யாரும் மிஞ்ச முடியவில்லை. முதல் ஆளாக வந்து உட்காருவாள். முதுகு நேராக, கைகள் மடியில், பார்வை முன்னால். மூச்சு வாங்குவதுகூடத் தெரியாது. ஒரு நாள் இடது நாற்காலியில் உட்கார்ந்தாள், மறுநாள் வலது நாற்காலிக்கு மாறினாள், அதற்கடுத்த நாள் மறுபடி இடது. "எந்தப் பக்கம் உக்காந்தாலும் புலி ஒண்ணுதான் பாப்பா" என்று கிண்டல் செய்தார் காட்டுராஜா. "என் எக்ஸ்ரே ரூமுக்கு வர்றவங்க எல்லாம் இவளை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார் அம்மா. மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாஸ்டர் அடங்கினார். முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டு, பிறகு கடிக்காமலே. பேச்சு நின்றதும் அந்த வீட்டில் இத்தனை நாள் என்னவெல்லாம் சத்தம் இருந்திருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. பக்கத்தில் மனைவியின் மூச்சு லேசாக இழுத்தது, மாடிப்படி ஏறி வந்ததால் இருக்கும். கேட்க வேண்டும் என்று நினைத்தார், கேட்க முடியாது. கண்ணுக்கு நேரே பாப்பாவின் பின்கழுத்து. இடுப்பு வரை இருந்த முடியை எப்போது இவ்வளவு குட்டையாக வெட்டினாள்? வந்த அன்றே இப்படித்தான் இருந்ததா? அதையும் கேட்க முடியாது. தோள் எலும்பு சட்டைக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டருக்கு இனம் புரியாத ஒரு சங்கடம் உண்டானது. பேசிக்கொண்டே இருந்தவரை வராத சங்கடம் அது.

பயணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அன்று சாயங்காலம் காட்டுராஜா வேலையிலிருந்து வரத் தாமதம். மற்ற நான்கு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய நாற்காலியில் அவர் மனைவி தன் பையை வைத்திருந்தார். ஒத்திகை நடப்பதைப் பார்த்து, காட்டுராஜா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்து வந்தார். தன் நாற்காலியில் பை இருக்கவே, பாப்பாவின் பக்கத்துக் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். புலி பார்க்கவென்று வாங்கி அவள் மடியில் வைத்திருந்த பைனாகுலரை எடுக்கக் கையை நீட்டினார்.

பாப்பா கத்தவில்லை. துள்ளவும் இல்லை. யார் என்று திரும்பிப் பார்க்கும் முன்பே அவள் முழங்கை உயர்ந்து முகத்தையும் காதையும் மூடியது. உடம்பு நாற்காலியின் மறு ஓரத்துக்குச் சுருண்டது. "சாரி, சாரி, சாரி" என்று மிகத் தணிந்த குரலில், அவசரம் அவசரமாகச் சொன்னாள்.

பைனாகுலர் தரையில் விழுந்தது.

"அட கழுதை, நிஜமாவே புலின்னு நெனைச்சுட்டியா?" என்று காட்டுராஜா வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரித்தார். அம்மாவும் "நல்லா பயந்தா போ" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். பாப்பா கையை இறக்கி, பக்கத்தில் இருப்பது மாமாதான் என்று பார்த்துத் தானும் சிரித்தாள். பைனாகுலரை எடுத்துத் துடைத்தாள்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கை தெரியும்.

அவரிடம் சில பெண்கள் பாதிப் பழக்கத்தோடு வருவார்கள், வீட்டில் கணவரிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டதாகச் சொல்லி. நடுரோட்டில் வண்டி அணைந்துபோனால் மற்றவர்கள் சாலையைப் பார்ப்பார்கள், கியரைப் பார்ப்பார்கள். இவர்களில் சிலர் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பார்ப்பார்கள். அந்தக் கை சற்று நீண்டாலே முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு மன்னிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அப்படி வருகிறவர்களிடம் மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் மடியில், அவர்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வார். தெரியாதவர்களின் பெண்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து அதைச் செய்தவர், தன் வீட்டில் இருந்த பெண்ணை இத்தனை நாள் பார்க்கவில்லை. பார்க்க எங்கே நேரம்? அவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மருமகனுக்கு ஃபோன் போட்டார். 

"சொல்லுங்க மாமா! எல்லாம் ரெடி. பச்சைச் சட்டைகூட வாங்கிட்டேன்."

வழக்கமாக "மாப்பிள்ளை" என்று ஆரம்பிப்பவருக்கு அன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை. "நீ வர வேண்டாம்" என்றார்.

 அந்தப் பக்கம் அதே பணிவான குரல். "என்ன மாமா திடீர்னு? என் பேர்ல பர்மிட் இருக்கே. நான் வந்து கேட்ல நின்னா யாரு தடுப்பாங்க? அதோட, அவளே ஒத்துக்கிட்டா. அப்புறம் உங்களுக்கு என்ன?"

"அவளுக்குத் தெரியுமா?"

"நீங்க கூப்பிட்ட அன்னைக்கே நான் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேனே. உங்கப்பாவே கூப்பிட்டிருக்கார், உங்கப்பா என் பக்கம்தான், இனிமேலாவது புரிஞ்சுக்கோன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். "நீங்க இல்லேன்னா அவளை யாரு மாமா வழிக்குக் கொண்டு வர்றது?"

 மாஸ்டர் கத்தவில்லை. "ஜீப்பையே ரத்து பண்ணிடறேன். நீ கேட்ல போய் நின்னா தனியா நின்னுட்டு வா. எங்க வீட்டுப் பக்கம் காலை வெச்சே, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். இவ்வளவு சுருக்கமாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

உள்ளே காட்டுராஜாவும் அவர் மனைவியும் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா குளியலறையில் இருந்தார். பாப்பா சமையலறையில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சமையலறை வாசலிலேயே நின்றார். உள்ளே போனால் அவளுக்கு வெளியே வர வழி இருக்காது என்று தோன்றியது.

"பாப்பா, அவன் வர மாட்டான். டிரிப்பே இல்ல."

அவள் குழாயை மூடினாள், திரும்பவில்லை.

"உனக்குத் தெரிஞ்சிருந்தும் ஏம்மா வரேன்னு சொன்ன?"

"நீங்க ரொம்ப ஆசையா ஏற்பாடு பண்ணிட்டு இருந்தீங்கப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன்பா, நெறைய தடவை." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் அவரை அறுத்தது. "ஒவ்வொரு தடவையும் நீங்க வழி சொல்லிட்டு இருந்தீங்க. குறுக்க பேச வேண்டாம்னு விட்டுட்டேன்."

 அவள் ஒரு டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, ஏதோ வேலையில் நடந்த தவறுக்கு விளக்கம் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"அவர் பக்கத்துல நடுங்காம உக்காரணும்ல? எல்லாரும் பார்ப்பீங்க. அதான் தினமும் முதல்லயே வந்து உக்காந்து பழகிட்டு இருந்தேன். அந்த நாற்காலில அவர் இருக்கார், இருக்கார்னு நெனைச்சுக்கிட்டே. எந்தப் பக்கம் இருந்தா பயம் கம்மியா இருக்குன்னுகூடப் பார்த்தேன். நல்லாத்தான் வந்துட்டு இருந்துச்சுப்பா. இன்னைக்கு மாமா உக்காந்ததுலதான் தப்பாயிடுச்சு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க டிரிப்பைக் கேன்சல் பண்ணாதீங்க. நாளைக்குச் சரியா உக்காந்துடுவேன்."

  கண்ணீர் தாடை வரை வந்த பிறகுதான் தான் அழுகிறோம் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

"நாளைக்கு இல்லம்மா" என்றார். "இனிமே எப்பவும் இல்ல."

அவள் அப்போதுதான் திரும்பினாள். அவர் அழுவதைப் பார்த்ததும் அவள் முகமும் உடைந்தது. இரண்டு எட்டு வைத்து அருகில் போனவர், அவள் தலையைத் தொட நீட்டிய கையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"தொடட்டுமாம்மா?" என்று கேட்டார்.